இடது குழலில் இருந்த தோட்டா

என் பெயர் வீரமணி, வயது 64, தகப்பனார் பெயர் ராமகிருஷ்ணன், அவர் உயிரோடு இல்லை. செஞ்சி சிறுகடம்பூரில் மனைவி மங்கையுடன் குடியிருக்கிறேன். மாவட்ட ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஏட்டாக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இங்கே வரவில்லை, நானாக மனு கொடுத்து வந்திருக்கிறேன். யோசித்துக்கொள்ள நடுவர் அவர்கள் அரை மணி நேரம் கொடுத்தார்கள். யோசிக்க வேண்டியதைப் பதினொரு நாளாக வீட்டிலேயே யோசித்தாகிவிட்டது என்று சொன்னேன். ஆனாலும் உட்காரச் சொன்னதால் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்கிறேன்.

சிங்கவரம் போகிற வழியில் மலையடியில் மல்லாட்டை (நிலக்கடலை) பயிர் வைத்திருந்த சுந்தரமூர்த்தி என்பவர் கடந்த 16.01.2025 காணும் பொங்கல் அன்று மாலை துப்பாக்கி உடைந்து இறந்துபோன வழக்கில் அவருடைய மகள் ஜெயக்கொடி கைதாகிக் காவலில் இருக்கிறார். தோட்டாவை மாற்றி வைத்துத் தகப்பனைக் கொன்றதாக அவர் மீது புகார். அவர் அப்படிச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது என் தப்பும் சேர்ந்துதான் வரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அந்தத் துப்பாக்கி சீமையில் செய்த இரட்டைக் குழல், வயது நூறு வருடத்துக்குக் குறையாது. சுந்தரமூர்த்தியின் தாத்தா வாங்கியது, பன்றி விரட்டுவதற்கென்று உரிமம் இருக்கிறது. அந்த வீட்டில் அதைத் துப்பாக்கி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் பெரியவருக்குக் குழல் முதல் கட்டை வரை நல்லெண்ணெய் தேய்த்துப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். தேர்தல் நேரத்தில் அதை ஒப்படைக்கும்போது ஆயுத அறையில் கீழே விரித்த காகிதமெல்லாம் எண்ணெயில் ஊறிவிடும், எங்கள் ஆட்கள் திட்டுவார்கள். சுந்தரமூர்த்தி எனக்குப் பழக்கமானது அந்த எண்ணெயால்தான். எண்ணெய் இரும்புக்கு நல்லது, மரத்துக்கு எமன், கட்டையில் படாமல் வையுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அவரும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவார். வெள்ளிக்கிழமை வந்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

காணும் பொங்கல் அன்று வேடியப்பன் சாமி பாரி வேட்டைக்காக மலையடிப் பாறைக்கு வரும். வந்து நின்றதும் அந்த வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்து இரண்டு வெடி வெடிக்க வேண்டும் என்பது அங்கே முறை. அதன் பிறகு கூட்டம் பேச்சு மூச்சில்லாமல் நிற்கும், மலை திருப்பிச் சொல்வதைக் கேட்பதற்காக. இரண்டு சத்தம் திரும்பி வந்தால் வீட்டுக்கு நல்லது. எண்ணிக்கை மாறினால் அந்த வருடம் வீட்டில் ஒருவர் குறைவார் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் செஞ்சி மலைகள் உருண்டைப் பாறை அடுக்கு, ஒரு சத்தம் மூன்றாகத் திரும்புவதற்குச் சாமி வேண்டியதில்லை, காற்று கொஞ்சம் திரும்பினாலே போதும். இதை நான் சுந்தரமூர்த்தியிடமே சொல்லியிருக்கிறேன். 2024 காணும் பொங்கலுக்கு மூன்று வந்தது. ஆடி மாதம் அவர் மனைவி வள்ளியம்மாள் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டார். அதன் பிறகு காற்றைப் பற்றி அவரிடம் பேசுவதை நான் நிறுத்திவிட்டேன்.

இந்த வருடம் சனவரி 2-ஆம் தேதி காலையில் அவர் மொபெட்டில் என் வீட்டுக்கு வந்தார். தேநீர் கொடுத்தோம், குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு, பெரியவரை நீங்கள் ஒரு தடவை பார்த்து எந்தத் தோட்டா போட்டால் தாங்குவார் என்று சொல்ல வேண்டும் என்றார். போன வருடம் வெடித்தபோதே தோளில் இடித்தது சரியாக இல்லையாம். அப்படியானால் வெடிக்காமல் விட்டுவிடுங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "போன வருசம் மலை சொன்னத இந்த வருசம் ரெண்டுன்னு மாத்தி வாங்கணும் ஏட்டய்யா. வூட்ல மிச்சம் இருக்கிறது நானும் என் பொண்ணும்தான். எனக்கு ஒண்ணும் இல்ல. அவ இருக்கணும்."

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்ப் பெரியவரைக் கழற்றிப் பார்த்தேன். பழுது பார்க்க எனக்கு இப்போது அனுமதி கிடையாது, தெரிந்தேதான் செய்தேன். குழலும் குதிரையும் (தோட்டாவின் பின்பக்கம் அடிக்கிற சுத்தியை அப்படிச் சொல்வோம்) வயதுக்கு நன்றாகவே இருந்தன. கட்டைதான் மோசம். இரும்பும் மரமும் சேர்கிற கழுத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன், வேகவைத்த பனங்கிழங்கில் இறங்குவது போல இறங்கியது. நகம் பட்ட பள்ளத்தில் எண்ணெய் ஊறி நின்றது. மூன்று தலைமுறை எண்ணெயைக் குடித்துக் குடித்து மரம் உள்ளே மரமாகவே இல்லை.

அதன் பிறகு அவர் பன்றிக்காக வாங்கி வைத்திருந்த தோட்டாப் பெட்டியை எடுத்துவந்து காட்டினார். இருபத்தைந்து இருந்தன. அதில் ஒன்றை நான் எடுத்து அவர் கண்ணெதிரே அறுத்துச் செய்தித்தாளில் கொட்டிக் காட்டினேன். இந்தத் தோட்டா இரண்டே முக்கால் அங்குலம், பெரியவரின் வயிறு, அதாவது தோட்டா உட்காரும் அறை, இரண்டரை அங்குலம். போட்டால் உள்ளே போகும், மூடினால் மூடும், அங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் அடைத்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். குழல் தாங்கினாலும் கட்டை தாங்காது, ஏனென்றால் முன்னால் எவ்வளவு ஈயம் போகிறதோ அதற்குத் தக்கபடிதான் பின்னால் உதைக்கும். இதையெல்லாம் விளக்கிச் சொல்லி, வானத்தைப் பார்த்து வெடிக்க ஈயம் எதற்கு என்று கேட்டேன். பழைய குட்டைத் தோட்டாக் கூட்டில் கருமருந்தைப் பாதி அளவு போட்டு, ஈயம் இல்லாமல் உமியை அடைத்து, வாயை அட்டையால் மூடி அரக்கு வைத்துத் தருகிறேன் என்றேன். மலைக்குச் சத்தம் எட்டுமா என்பது ஒன்றுதான் அவருடைய கவலை. கருமருந்துச் சத்தம் நெஞ்சில் இடிக்கும், எட்டும் என்று சொன்னேன்.

அறுத்த அந்தத் தோட்டாவின் கூடும் ஈய ரவையும் அன்றிலிருந்து என் கருவிப் பெட்டியில்தான் இருக்கின்றன. ஜெயக்கொடி வீட்டுப் பெட்டியில் ஒரு தோட்டா குறைகிறது, அதுதான் இடது குழலில் வெடித்தது என்று சொல்கிறார்கள். குறைந்த தோட்டா இதுதான். இன்று கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். தோட்டா எவ்வளவு லேசாக இருந்தாலும் அந்தக் கட்டையோடு வெடிக்கக் கூடாது என்று என் நகம் சொல்லிவிட்டது. நானும் சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்குள் சுந்தரமூர்த்தி, அன்றைக்கு நீங்கள் பாறை மேல் என் பக்கத்திலேயே நில்லுங்கள், தோட்டாவை நீங்கள்தான் போட வேண்டும் என்றார். வேடியப்பன் அந்தப் பாறைக்குப் போகும்போது நாங்கள் காலனிக்காரர்கள் ஏரி மதகுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்ப்போம். என் தகப்பனார் எழுபது வருடம் இந்தப் பக்கம் நின்று மலைச் சத்தத்தை எண்ணினார். நான் சீருடை போட்டுக்கொண்டு அந்த ஊருக்குப் பந்தோபஸ்துக்குப் போனபோதுகூட மதகைத் தாண்டி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் என் வாய் மூடிக்கொண்டது, வெடிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டில் சொன்னபோது மங்கை சிரிக்கவில்லை. "நிக்கறதுக்கு ஒரு எடம் குடுத்துட்டா, உளுத்த கட்டகூட ஒனக்கு உறுதியாத் தெரியுது" என்றாள். எனக்குக் கோபம் வந்து அன்று அவளோடு பேசவில்லை.

அதன் பிறகு, கட்டையை ஓரளவு தேற்றலாம் என்று நினைத்து எண்ணெயை வெளியே எடுக்கிற வேலையைத் தொடங்கினேன். ஆயுதப்படையில் இதற்குச் சுண்ணாம்புத் தூளைக் குழைத்துப் பூசி வெயிலில் வைப்போம், தூள் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். பெரியவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேன் என்றால் அந்த வீட்டில் ஒப்ப மாட்டார்கள், அதனால் விபூதி என்றேன். ஜெயக்கொடி தட்டோடு கொண்டுவந்து கொடுத்தார். தினமும் காலையில் போய்ப் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசிவிட்டு வருவேன். சுரண்டும்போது விபூதி கறுத்து நனைந்திருக்கும். ஐந்தாம் நாள் கழுத்துப் பக்கம் வெள்ளைப் பூச்சின் மேல் நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் பிடித்த மாதிரி எண்ணெய் ஊறி வந்திருந்தது. காலம் காலமாகக் கை பிடித்த இடத்தில் மரம் நசுங்கி எண்ணெய் அதிகம் தங்கியிருக்கும், அதில் அதிசயம் இல்லை என்று ஜெயக்கொடியிடம் சொன்னேன். அவர் தன் வலது கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. இடது கையை வைத்தார், பொருந்தியது. அந்த வீட்டில் யார் இடது கைக்காரர் என்று கேட்டேன். "நைனாவோட தாத்தாதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கும் ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்தேன், இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

ஜெயக்கொடி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு வயது 32, செஞ்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அம்மா போனதிலிருந்து பெரியவரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பத்தாம் தேதி நான் பூச்சு போட்டுக்கொண்டிருக்கும்போது தகப்பனுக்கும் மகளுக்கும் வாக்குவாதம் வந்தது. பங்காளி ஆதிமூலம் அப்போது வாசலில் நின்றார், புகார் கொடுத்தவரும் அவர்தான். "பெரியவரு போவணும், இல்லன்னா நீ போவணும்" என்று மகள் சொன்னதாக அவர் புகாரில் எழுதியிருக்கிறார். அது உண்மை. ஆனால் ஆதிமூலம் பாதியைக் கேட்டுவிட்டுப் பாலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். மீதியைக் கேட்டது நான். "நீ போனா எனக்கு யாரு இருக்குது நைனா? அதனால அவரக் கெணத்துல போட்டுடு." சொல்லும்போது அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தார்.

பதினைந்தாம் தேதி காலையில் விபூதி காய்ந்து உதிர்ந்து வெள்ளையாக இருந்தது. எண்ணெய் முழுக்க வந்துவிட்டது, கட்டை தேறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். "குடிக்கிறத நிறுத்திட்டாரு" என்றார் ஜெயக்கொடி. அந்த மரத்தை இத்தனை வருடம் பிடித்துவைத்திருந்ததே அந்த எண்ணெய்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. எண்ணெயை எடுத்ததும் உள்ளே ரொட்டித் தூள் மாதிரி ஆகியிருக்கும். தோட்டாவை அவ்வளவு கணக்காகச் செய்தவன் மரத்தில் கோட்டைவிட்டேன்.

அன்று மாலையே என் வீட்டில் இரண்டு தோட்டா செய்தேன். இரண்டுதான், மூன்றாவது செய்யவில்லை. வலது குழலுக்கு உரியதன் அரக்கில் என் வலது கட்டைவிரலையும், இடது குழலுக்கு உரியதன் அரக்கில் இடது கட்டைவிரலையும் சூடு ஆறுவதற்குள் அழுத்தி அடையாளம் வைத்தேன். செய்தவன் அடையாளம் இல்லாமல் எந்தத் தோட்டாவும் வெளியே போகக் கூடாது என்பது எங்கள் வேலையில் பழக்கம்.

16-ஆம் தேதி மாலை நாலரை மணி அளவில் சாமி பாறைக்கு வந்து நின்றது. நான் மதகைத் தாண்டிப் போனேன், யாரும் தடுக்கவில்லை, யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. வீட்டுப் பெண் தோட்டாவைத் தாம்பாளத்தில் எடுத்துவருவது முறை, காலையில் நான் கொடுத்திருந்த இரண்டையும் ஜெயக்கொடி எடுத்துவந்தார். அரக்கில் என் இரண்டு விரலையும் பார்த்துவிட்டு நானே எடுத்து, வலதை வலதிலும் இடதை இடதிலும் போட்டு மூடி, சுந்தரமூர்த்தி கையில் கொடுத்தேன். அதன் பிறகு அவரைத் தவிர வேறு யாரும் பெரியவரைத் தொடவில்லை.

அவர் இரண்டு குதிரையையும் ஏற்றி, வானத்தைப் பார்த்து முதல் வெடியை வெடித்தார். வெள்ளைப் புகை எங்கள் இருவரையும் மூடியது. கட்டை தாங்கியது. புகைக்குள் அவர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார், சிரித்தார் என்றுகூட சொல்வேன். அதன் பிறகு இரண்டாவது வெடி கேட்டது. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். முதல் வெடிக்குக் கன்னத்தில் சூடு அடித்தது, இரண்டாவதற்கு அடிக்கவில்லை. ஆனால் கட்டை கழுத்தில் முறிந்து, இரும்பு பின்னால் வந்து அவர் தாடைக்குக் கீழே ஏறிவிட்டது. பாதி மருந்துக்கும் உமிக்கும் அப்படி ஒரு உதை கிடையாது. அவர் மெதுவாகப் பாறையில் உட்கார்ந்தார்.

புகையால் கூட்டத்துக்கு எதுவும் தெரியவில்லை. எல்லோரும் மலையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது. அதன் பிறகு வரவில்லை. கீழே ஜனங்கள் கைதட்டினார்கள்.

நான் துண்டை எடுத்து அவர் கழுத்தைக் கட்டினேன். ஜெயக்கொடி ஓடிவந்து பெரியவரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கீழே போடாதே என்று தகப்பன் சைகை காட்டினார், அதனால் எடுத்தார். சுந்தரமூர்த்திக்குப் பேச்சு சரியாக வரவில்லை. "ரெண்டா?" என்று கேட்டார். "ரெண்டுதான் நைனா, ரெண்டுதான்" என்றார் மகள். தகப்பன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். விழுப்புரம் கொண்டுபோகிற வழியில் இறந்துவிட்டார்.

கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த நேரம் ஐந்து நிமிடம் இருக்கும், அந்த ஐந்து நிமிடம் ஜெயக்கொடியின் கையை நான் பார்க்கவில்லை. எனக்கு இது பிடிக்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும், அந்த நேரத்தில்தான் வெடித்த கூட்டை எடுத்துவிட்டு வேறு தோட்டாவை அவர் வைத்தார் என்கிறார்கள். அதன் பிறகு பெரியவரை அவர் மடியிலிருந்து நான்தான் வாங்கினேன். வலது குதிரை விழுந்திருந்தது. இடது குதிரை ஏற்றியபடியே நின்றது. பந்தோபஸ்துக்கு வந்திருந்த உதவி ஆய்வாளர், ஆபத்து இல்லாமல் தோட்டாவை எடுத்துத் தரும்படி என்னிடம் சொன்னார். வலது குழலில் வெடித்த கூடு இருந்தது. இடது குழலில் நான் போட்ட தோட்டா இருந்தது. பின்பக்கத்துச் செம்பு மூடியில் அடிபட்ட குறி இல்லை, வாயில் அரக்கு உடையவில்லை, என் இடது கட்டைவிரல் ரேகை வரி வரியாகத் தெரிந்தது. என் பையில் இருந்த வெள்ளைத் துணியைக் குச்சியில் சுற்றி இரண்டு குழலிலும் விட்டு எடுத்தேன். வலது குழல் துணி கரியாக வந்தது. இடது குழல் துணி வெள்ளையாகவே வந்தது, கொஞ்சம் நல்லெண்ணெய் வாசனை அடித்தது. அந்த இரண்டு துணியையும் இன்று ஒப்படைத்திருக்கிறேன்.

எத்தனை வெடி கேட்டது என்று நடுவர் அவர்கள் என்னைக் கேட்டார்கள். இரண்டு கேட்டது. பாறையிலும் மதகிலும் நின்ற அத்தனை பேரும் இரண்டு கேட்டார்கள். வெடித்தது ஒன்றுதான். முதல் வெடியில் விரிசல் விட்ட கட்டை ஒரு நொடி கழித்து முறிந்திருக்கும், அந்தச் சத்தத்தை வெடி என்று நினைத்திருப்போம் என்று எழுதிக்கொள்ளலாம் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. வேலையில் இருந்திருந்தால் நானே அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் மரம் முறிகிற சத்தத்தை மலை வெடியாகத் திருப்பிச் சொல்லாது. அந்த இரண்டாவது சத்தத்தால்தான் சுந்தரமூர்த்தி நிம்மதியாகப் போனார். அதே சத்தத்தை வைத்துத்தான் அவர் மகளைப் பிடித்திருக்கிறார்கள்.

யாரிடமும், மங்கையிடமும்கூட சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். இடது தோட்டாவைக் கவரில் போட்டுக் கொடுப்பதற்கு முன் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன். அதில் கனம் இல்லை. முப்பத்தோரு வருடம் தோட்டாவை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்த கை இது, நிரப்பிய தோட்டாவும் வெடித்த கூடும் கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும். நான் நிரப்பி, நான் மூடி, நான் போட்டது, யாரும் திறக்காதது, கூடு மாதிரி இருந்தது. உடனே கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டேன். பயத்தில்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் அந்தப் பெண்ணைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்தத் தோட்டாவைச் சோதனைக்கு அனுப்பப் போவதாகச் சொல்கிறார்கள். திறக்கும்போது உள்ளே மருந்தும் உமியும் இருந்தால் என் கைக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம், நான் சந்தோஷப்படுவேன். ஒன்றும் இல்லாமல் இருந்தால், ஜெயக்கொடி காலித் தோட்டாவை வைத்து ஏமாற்றினார் என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதக் கூடாது என்பதற்காகத்தான் திறப்பதற்கு முன்பே வந்து சொல்கிறேன். தோட்டா என்னுடையது, விரல் என்னுடையது. மரத்தைக் கெடுத்ததும், வெடிக்கலாம் என்று சொன்னதும் நான். கேஸ் போடுவதென்றால் என் மேல் போடுங்கள், அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புங்கள்.

நான் சொன்னது எழுதப்பட்டபடி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கேட்டேன், சரியாக இருக்கிறது, நான் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாரும் கேட்காமலேயே அதன் பக்கத்தில் என் இடது கட்டைவிரல் ரேகையையும் வைத்திருக்கிறேன். அரக்கில் இருப்பதும் இதுவும் ஒன்றுதானா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு தோட்டாவைத் திறக்கவும்.

(ஒப்பம்) ரா. வீரமணி
(இடது கட்டைவிரல் ரேகை)
27.01.2025, செஞ்சி